மாப்பிள்ளை மைக்கைப் பிடித்தால் எந்தத் தமிழில் பேசுவது?

அழைப்பிதழின் உள்பக்கத்தில் கடைசி வரியாக அச்சாகியிருந்தது: 'நன்றியுரை: மணமகன்'. அந்த ஒரு வரி மாப்பிள்ளைப் பையனின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

"டீச்சர், ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்க. நீங்க எழுதினாத்தான் சரியா வரும்" என்று திண்ணையில் வந்து உட்கார்ந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது இருபத்தொன்பது வயது, சிங்கப்பூரில் கட்டட வேலை. கல்யாணத்துக்காக ஒரு மாத விடுப்பில் வந்திருந்தான். குன்றாண்டார்கோவிலிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டரில் அவன் ஊர். அவனுடைய அய்யா, அதாவது அப்பாவைப் பெற்றவர், கறுப்புச் சட்டைக்காரர். அதனால் அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகக் கல்யாணத்துக்கு அய்யர் கிடையாது. ஒரு பெரியவர் தலைமை தாங்குவார். உறுதிமொழி, மாலை, தாலி, வாழ்த்துரை, கடைசியில் மாப்பிள்ளை எழுந்து நன்றி சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே ஒரு உரையைத் தயார் செய்து போனில் வைத்திருந்தான். எங்கிருந்தோ இறக்கியது. வாசித்துக் காட்டினான். "பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய சான்றோர் பெருமக்களே, என்னை ஈன்றெடுத்த அன்னையே..." அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். 'ஈன்றெடுத்த' என்ற சொல்லோடு எனக்கு முப்பது வருஷத்து வழக்கு இருக்கிறது.

1988-ல் இந்தப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஊரில் கல்யாணம் என்றால் வரவேற்புரை, வாழ்த்துமடல், நன்றியுரை எல்லாம் டீச்சர் வீட்டுக்கு வரும். 1994-ல் ஒரு மாப்பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்த உரையில் இதே சொல் இருந்தது: 'என்னை ஈன்றெடுத்த அன்னைக்கும் என் நன்றி மலர்கள்.' பையன் தடுமாறாமல் வாசித்தான். கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. எட்டாம் நாள் பால் சொசைட்டியில் அவனுடைய அம்மா என்னைப் பார்த்தார். அளந்து ஊற்றிவிட்டுக் காலித் தூக்கோடு கிட்டே வந்தார்.

"எல்லாருக்கும் நன்றி சொன்னானே டீச்சர், எனக்கு மட்டும் சொல்லலையே."

சொன்னானே அக்கா, 'ஈன்றெடுத்த' என்றால் நீங்கள்தான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"மாடு ஈனும் டீச்சர். நான் அவனைப் பெத்தேன்ல."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கல்யாணத்தில் அவருக்கென்று இருந்தது அந்த ஒரு வரிதான். அதை அவருக்குச் சேராத ஒரு சொல்லில் நான் எழுதியிருக்கிறேன். புத்தகத்தில் அது உயர்ந்த சொல். எங்கள் ஊரில் பசு ஈனும், வாழை குலை ஈனும். இரண்டும் தெரிந்த நான் யோசித்திருக்க வேண்டும். அவர் இன்று உயிரோடு இல்லை. அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு உரையையும் அந்தத் தூக்குப் பாத்திரத்தை நினைத்துக்கொண்டுதான் வாசித்துப் பார்க்கிறேன்.

இதைத் திண்ணையில் வைத்துச் சொன்னேன். அமைதியாகக் கேட்டவன், பிறகுதான் மனசில் இருந்ததைச் சொன்னான். "பொண்ணு வீடு திருச்சி, டீச்சர். அவுங்க பக்கம் எல்லாரும் படிச்சவங்க. நான் நம்ம ஊரு பேச்சுல பேசுனா, இவன் இவ்வளவுதான்னு நெனைச்சுருவாங்க."

நன்றியுரை எழுதக் கேட்டு வரும் பிள்ளைகள் பாதிப் பேர் இந்தப் பயத்தோடுதான் வருகிறார்கள். எவ்வளவு இலக்கணமாகப் பேசுவது என்று அவர்கள் கேட்கும்போது, 'என்னைக் குறைவாக நினைத்துவிட மாட்டார்களே' என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பயத்தைத் தீர்க்காமல் உரையை மட்டும் எழுதிக் கொடுத்தால் மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மாப்பிள்ளை மேடையில் பேசுவதே நம்மிடம் பழைய வழக்கம் இல்லை. புரோகிதர் நடத்தும் கல்யாணத்தில் மாப்பிள்ளை வாயிலிருந்து வருவதெல்லாம் அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் மந்திரம். அர்த்தம் கேட்கும் வழக்கமும் இல்லை. அதை மாற்றியது சுயமரியாதைத் திருமணம். பெரியார் தலைமையில் 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அதன்பின் ஊர் ஊராக நடந்தது. ஆனால் 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், சடங்கில்லாத இப்படிப்பட்ட கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் மனைவி மனைவியில்லை, பிள்ளைக்குச் சொத்தில்லை என்று ஆகிவிடும் நிலை. அண்ணா முதலமைச்சரானதும் 1967-ல் சட்டசபை இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த கல்யாணங்களும் செல்லும் என்று ஆயிற்று.

அந்தப் பிரிவு சொல்வது மிகச் சுருக்கம். உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு யாராவது முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாக அறிவிக்கலாம். அல்லது மாலை மாற்றலாம், விரலில் மோதிரம் போடலாம். அல்லது தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். அறிவிப்பது என்றால் எந்த மொழியில்? இருவருக்கும் புரிகிற எந்த மொழியிலும் என்கிறது சட்டம். 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் இந்தப் பிரிவை மறுபடி எடுத்துப் பேசி, இதற்கு ஊர்கூட்டிப் பகிரங்கமாக நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்றது.

இதை அவனிடம் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஒரு சட்டம் எழுதுகிறவர்கள் 'தூய மொழியில்' என்று எழுதியிருக்கலாம், 'முறையான சொற்களில்' என்று எழுதியிருக்கலாம். புரிகிற மொழி என்று எழுதினார்கள். மந்திரம் புரியவில்லை என்பதுதானே முதல் சண்டையே? அந்தச் சண்டையில் வென்ற மேடையில் நின்று, பெற்ற தாய்க்குப் புரியாத தமிழில் நன்றி சொன்னால், சுக்கிலநத்தத்துக்கு முன்னால் இருந்த இடத்துக்கே திரும்பிப் போய்விடுகிறோம். நான் 1994-ல் செய்தது அதுதான்.

அப்படியானால் மேடைத்தமிழ் வேண்டாமா? வேண்டும். அதன் இடம் எது என்று தெரிந்தால் போதும்.

தமிழுக்கு இரண்டு வழக்கு உண்டு என்பது நமக்குப் பழகிய செய்தி. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று. எங்கள் மாவட்டத்து ஆவூர் தேவாலயத்தில் பணியாற்றிய வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர். தமிழ் கற்றபோது இந்த இரண்டையும் ஒரே இலக்கணத்தில் அடக்க முடியாது என்று கண்டு, 1728-ல் கொடுந்தமிழுக்கு ஒன்று, 1730-ல் செந்தமிழுக்கு ஒன்று என்று தனித்தனியாக இலத்தீனில் எழுதி வைத்தார். கொடுந்தமிழ் என்று அவர் எழுதியது மக்கள் அன்றாடம் பேசிய தமிழை. பாதிரியாருக்கு இரண்டும் தேவைப்பட்டன. புலவரிடம் போக ஒன்று, நோயாளியின் கட்டில் பக்கம் உட்கார இன்னொன்று.

ஆனால் செந்தமிழை மேடையில் நின்று கூட்டத்துக்குப் பேசுவது அவ்வளவு பழையது இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பாதிரிமார் பிரசங்கித்த முறையைச் சைவத்துக்கு எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி அது. பிறகு சுதேசி இயக்கத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் கூட்டம் கூட்டிப் பேசினார்கள். மதுரையில் தங்கி மேடைப்பேச்சை ஆராய்ந்த அமெரிக்கர் பெர்னார்ட் பேட் 2009-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். நாம் தொன்றுதொட்டு வருவது என்று நினைக்கிற மேடைச் செந்தமிழ் இருபதாம் நூற்றாண்டு அரசியலில் உருவானது என்று அதில் காட்டுகிறார். பெரியாரே அப்படிப் பேசியவர் இல்லை. கல்யாண மேடைகளில் நெடுநேரம் பேசுவார், ஆனால் ஈரோட்டுக் கடைவீதியில் பேசுகிற மாதிரிப் பேசுவார். அடுக்குமொழியும் எதுகை மோனையும் அண்ணாவோடு மேடைக்கு வந்து, அவருக்குப் பின் வந்தவர்களால் ஊர் ஊராகப் பரவியது. மைக் பிடிப்பவன் அப்படித்தான் பேச வேண்டும் என்ற எண்ணம் அப்போது ஊன்றியது. எனக்கு அந்த நடை பிடிக்கும். அதைக் கேட்டுத்தான் நான் தமிழ் படிக்கவே ஆசைப்பட்டேன். ஆனால் அது ஆயிரம் பேரை எழுப்பி நிறுத்துவதற்கான நடை. தாலி கட்டி அரைமணி நேரமான பையன் தன் அப்பாயியைப் பார்த்துப் பேசுவதற்கு அது உண்டாக்கப்படவில்லை.

இதை நான் முதலிலேயே கற்றுக்கொண்டிருக்க வேண்டியது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில். 1991, 92-ல் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டை மாவட்டமே சாயங்காலப் பள்ளிக்கூடமாக இருந்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட வருஷங்கள் அவை. கல் உடைக்கப் போகிறவர்கள், நடவுக்குப் போகிறவர்கள் எல்லாம் இருட்டியதும் அரிக்கேன் விளக்கடியில் உட்காருவார்கள். ஒருநாள் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை வாசிக்கக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிச் சரியாக வாசித்துவிட்டு ஒரு அக்கா கேட்டார்: "வாசிச்சுட்டேன். இது யாரு பேசுற தமிழு?" அவருடைய சொந்த அண்ணன் மகன் கல்யாணப் பத்திரிகை அது.

சரி, உரைக்கு வருகிறேன். மறுநாள் சாயங்காலம் குன்றாண்டார்கோவில் குடைவரைக்கு முன்னால் இருக்கிற மண்டபத்தில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தோம். எட்டாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்த கோவில். முன்னால் உள்ள மண்டபம் பிற்காலத்தது, தேர் மாதிரிக் கட்டியிருப்பார்கள். கல்லில் சக்கரம், இழுத்துக்கொண்டு பாய்கிற குதிரைகள். வீட்டில் ஆள் வந்துபோய்க்கொண்டிருப்பார்கள், இங்கே வாய்விட்டு வாசித்துப் பார்க்கலாம் என்று அழைத்துப் போயிருந்தேன்.

முதலில் கடிகாரம் வைத்து அவனுடைய போன் உரையை முழுதாக வாசிக்கச் சொன்னேன். ஏழு நிமிஷம். அதில் மூன்று நிமிஷம் விளிப்பு மட்டும். வாசிக்கும்போது 'வாழ்த்தி' என்ற இடத்தில் ழகரம் வழுக்கியது. 'பெரியோர்கள் வந்து வாழ்த்தினார்' என்று பன்மை ஒருமையில் போய் முடிந்தது. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் '-றாங்க' என்று முடிக்கிற நாக்கு '-கிறார்கள்' என்று முடிக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்கும்போது எதிரே உட்கார்ந்திருக்கிற முகம் மறந்துபோகிறது.

பிறகு ஒரே வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்லச் சொன்னேன். 'தாங்கள் அனைவரும் வருகை தந்திருக்கின்றீர்கள்.' 'எல்லாரும் வந்திருக்கீங்க.' 'எல்லாரும் வந்துருக்கிய.' மூன்றாவது எங்கள் பக்கத்துப் பேச்சு. அவன் வீட்டில் பேசுவது. இரண்டாவது திருச்சிக்காரருக்கும் புரியும், எங்கள் ஊர்க்காரருக்கும் அந்நியமில்லை. பேச்சுத்தமிழ்தான், ஆனால் சொற்களை விழுங்காமல் முழுசாகச் சொல்வது. கூட்டத்தைப் பார்த்துப் பேசும் இடமெல்லாம் இது போதும் என்று முடிவு செய்தோம். சிங்கப்பூரில் பள்ளிப் பாடத்திட்டமே வகுப்பறையில் இந்த மாதிரிப் பேச்சுத்தமிழைப் பழக்கச் சொல்கிறது என்று சொன்னேன். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. வீட்டில் பேசாத மொழியாகத் தமிழ் போய்விடக் கூடாது என்று 2005-க்குப் பிறகு எடுத்த முடிவு அது. "ஆமா டீச்சர், அங்க உள்ள தமிழ்ப் புள்ளைங்க அப்படித்தான் பேசுதுங்க" என்றான். முகம் கொஞ்சம் தெளிந்தது.

எழுத்துத்தமிழ் இரண்டு இடத்தில் இருக்கட்டும் என்றேன். உறுதிமொழி அப்படியே இருக்க வேண்டும். அது தலைமை தாங்குபவர் சொல்லச் சொல்ல இருவரும் சொல்வது, சட்டத்தின் முன் நிற்கும் வார்த்தை. ஒவ்வொரு சொல்லுக்கும் அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் அர்த்தம் தெரிந்திருந்தால் போதும். இன்னொன்று தொடக்கத்தில் ஒரே ஒரு வரி: 'தலைமையேற்று இந்தத் திருமணத்தை நடத்தி வைத்த ஐயா அவர்களுக்கு வணக்கம்.' தலைமை தாங்குபவர் வெளியிலிருந்து வருகிறவர். அவருக்கு ஒரு வரி நிமிர்ந்து நின்று சொல்லலாம். மற்றவர்கள் உறவு.

உறவு என்றதும் அவன் தயங்கினான். இந்தத் தயக்கம் எனக்குப் புரியும். வெளியூர்க்காரர்கள் மரியாதை என்றால் 'அவர்கள்', 'ஐயா', 'திருமதி' என்று நினைப்பார்கள். எங்கள் பக்கத்தில் மரியாதை வரிசையில் இருக்கிறது. யாரை முதலில் சொன்னான், என்ன முறை வைத்துச் சொன்னான், யாரை விட்டான். தாய்மாமனைப் பின்னால் தள்ளிச் சொன்னால், அதற்கு முன்னால் எத்தனை 'பேரன்பிற்குரிய' போட்டாலும் அந்த மாமன் சாப்பிடாமல் எழுந்து போவார். பங்காளிகளில் ஒருவரைப் பேர் சொல்லி இன்னொருவரைச் சொல்லாவிட்டால் அடுத்த காரியத்துக்கு அழைக்கப் போகிறபோது தெரியும்.

இவனுக்கு இரண்டு மாமன்கள். பெரிய மாமாவுக்கும் இவன் அப்பாவுக்கும் வரப்புத் தகராறு, ஆறு வருஷமாகப் பேச்சில்லை. ஆனால் சீர் கொண்டுவருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். "போன்ல இருக்கிற உரையில 'தாய்மாமன்மார்களுக்கும்'னு பொதுவா வருது. அப்படியே சொல்லிடவா டீச்சர்? வம்பில்லாம போயிரும்."

பொதுவாகச் சொல்லிப் போவது இலக்கணப்படி சரி. ஆனால் ஆறு வருஷம் கழித்து வாசல் மிதிக்கிறவருக்கு அது சாத்திய கதவு மாதிரி இருக்கும். அவர் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பி நின்று, வீட்டில் எப்படிக் கூப்பிடுவானோ அப்படியே கூப்பிடச் சொன்னேன். பலமுறை மாற்றி மாற்றி, கடைசியில் அவனாகவே சொன்ன வாக்கியம் இது: "பெரிய மாமா, சின்ன மாமா, ரெண்டு பேரும் சீரோட வந்து நின்னிய. எனக்கு அது போதும்." நான் எழுதியிருந்தால் இது வந்திருக்காது. 'நின்னிய' என்ற சொல்லை நான் அடிக்கவில்லை. திருச்சிக்காரர்களுக்கு அந்த விகுதி கொஞ்சம் புதுசாகக் கேட்கலாம். அந்த வாக்கியம் அவர்களுக்குச் சொன்னதில்லை.

"அப்ப டீச்சர், மைக்ல 'சாப்டியளா'ன்னு கேக்கலாமா?" என்றான். இதற்குக் கொஞ்ச நேரம் யோசித்தேன். கூட்டத்தைப் பார்த்துக் கேட்டால் பாதிப் பேர் தங்களைக் கேட்பதாக நினைக்க மாட்டார்கள், பேச்சு வினோதமாக இருக்கிறது என்றுதான் கவனிப்பார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லும்போது 'சாப்பிட்டுத்தான் போகணும்' என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

மிச்சம் இருந்தது பெண். போன் உரையில் 'என் இதயத்தில் குடியேறிய இல்லத்தரசி' என்று இருந்தது. அதை எடுக்கச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையிடமே கேட்கச் சொன்னேன். மேடையில் ஒருத்தியைப் பற்றி ஐந்நூறு பேர் முன்னால் பேசுவதற்கு முன் அவளைக் கேட்பதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. அங்கேயே மண்டபத்தின் கல் சக்கரத்துப் பக்கம் போய் நின்று போன் போட்டான். திரும்பி வந்து இரண்டு விஷயம் சொன்னான். "இல்லத்தரசின்னு சொல்லாதீங்க, நான் வேலைக்குப் போறேன். என் பேரச் சொல்லுங்க." அடுத்தது: "நானும் ரெண்டு வார்த்தை பேசலாமான்னு கேக்குது டீச்சர்."

பத்திரிகையில் 'நன்றியுரை: மணமகன்' என்றுதானே அச்சடித்திருக்கிறது என்று தயங்கினான். அறிவிப்பதென்றால் இரண்டு பேரும் அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம், நன்றி மட்டும் ஏன் ஒருவருடைய வேலை? அச்சு என்ன செய்துவிடும் என்றேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெண்ணும் பேசுவாளா என்று நானாக ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இது எனக்கு இப்போதும் வருத்தம்.

வெளிநாடுகளில் யார் பேசுவது என்பதற்கே ஒழுங்குமுறை வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக் கல்யாணங்களில் பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை, மாப்பிள்ளைத் தோழன் என்று மூன்று பேர் பேசுவது மரபு. தோழன் பேசுவது சிரிக்க வைக்க, மாப்பிள்ளை பேசுவது நன்றி சொல்ல. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிற ஈழத்தமிழர் வீட்டு வரவேற்புகளில் இந்த முறையைப் பார்க்கலாம். அங்கே பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். நண்பர்களுக்கு ஆங்கிலம் வேண்டும், அப்பம்மாவுக்குத் தமிழ் வேண்டும். பாதி ஆங்கிலத்தில் பேசிவிட்டு, அப்பம்மாவைப் பார்த்துத் தமிழுக்குத் திரும்புவார்கள். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் அந்த இரண்டு வாக்கியத்துக்குத்தான் கிழவி கண்ணைத் துடைப்பார். யாரைப் பார்த்துப் பேசுகிறோமோ அவர் மொழிக்குத் திரும்புவது அவர்களுக்குக் கட்டாயமாக இருக்கிறது. நமக்கு இரண்டும் தமிழ் என்பதால் திரும்ப வேண்டும் என்பதே தோன்றுவதில்லை.

எழுதி முடித்தபோது அவன் உரை இரண்டரை நிமிஷம். அரைத்தாளில் பெரிய எழுத்தில் நானே எழுதிக் கொடுத்தேன். போனைப் பார்த்து வாசித்தால் முகம் கீழேயே இருக்கும், நடுவில் அழைப்பு வந்தாலும் சங்கடம். தாளில்கூட வாக்கியம் எழுதவில்லை. பெயர்களும் வரிசையும் மட்டும். தலைமை, அப்பாயி, மாமன்மார், பங்காளிகள், பெண் வீட்டார், நண்பர்கள், பந்தல், சமையல், மைக் செட். கடைசியில் தனி வரியாக: அம்மா. மற்றதெல்லாம் அவன் வாயில் இருந்தது.

கல்யாணம் கீரனூரில் ஒரு மண்டபத்தில். தாலி கட்டி, மாலை மாற்றி, வாழ்த்துரைகள் முடியும்போதே பத்தரை மணி தாண்டிவிட்டது. சாம்பார் வாசம் மேடை வரை வந்தது. அவன் எழுந்தான். கையில் தாள் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. தலைமை தாங்கியவருக்கு அந்த ஒரு வரியை நிமிர்ந்து நின்று சொன்னான். ழகரம் சரியாக வந்தது. அப்பாயியைப் பார்த்து, "அப்பாயி, கேக்குதா?" என்றான். கேக்குது என்று அவர் கையை ஆட்டினார். மாமன்கள் பக்கம் திரும்பியபோது பெரிய மாமா எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இவன் 'வந்து நின்னிய' என்றதும் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திருச்சிக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வந்து உட்கார்ந்து கேட்டார்.

அந்தப் பெண் மைக்கை வாங்கி நாலே வாக்கியம் பேசினாள், அவளுடைய திருச்சிப் பேச்சில். அவளைப் படிக்க வைத்த சின்னம்மாவுக்கு நன்றி சொன்னாள். அந்தச் சின்னம்மா யார் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் திரும்பித் தேடினார்கள்.

மைக் திரும்ப அவன் கைக்கு வந்தது. தாளில் கடைசி வரி மட்டும் பாக்கி. கூட்டத்தில் தேடினான். அம்மாவைக் காணோம். "அம்மா எங்க?" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டான். பந்திப் பக்கம் என்று யாரோ கத்தினார்கள். "வரட்டும்" என்று சொல்லி அப்படியே நின்றான். எனக்குப் படபடப்பாக இருந்தது. நாங்கள் பழகியதில் இது இல்லை. மண்டபம் முழுக்க அரை நிமிஷம் சத்தமில்லை. புடவை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா உள்ளே வந்தார். எல்லாரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு வாசலோடு நின்றுவிட்டார்.

"எங்கம்மா" என்றான். "என்னையப் பெத்தவங்க." மேற்கொண்டு வரவில்லை. அவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கிருந்தே, மைக் இல்லாமல், சொன்னார்: "பந்தி ஆறிப்போவுதுப்பா. எல்லாரையும் சாப்புடச் சொல்லு."

அவன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "அம்மா சாப்புடச் சொல்றாங்க. எல்லாரும் வாங்க."